மாமா எர்த் மாட்டிய காலை

அந்தக் காலையில் மாமாவுக்குக் கண் தெரிந்ததா, தெரியவில்லையா?

இருபது வருடங்களுக்கு மேலாகியும் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. இனிக் கிடைத்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். இப்போது என் மகளுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஒரு தங்கச்சி மட்டும்தான். ஆகவே அந்த மடி என் அம்மாவின் தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். ஆனால் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது அப்பா அவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். அவர் போனார். அவ்வளவுதான்.

கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் போனைத் தள்ளித் தள்ளி வாசிக்கும் என் வயதுக்காரிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத்தான் இது விளங்கும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் குண்டசாலையில் இருந்தோம். முன்னால் தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை. பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும். அப்பா வெல்டிங் செய்வார். மாமா அவருக்குத் துணை. துணை என்றால் சாமான் எடுத்துக் கொடுப்பவர் இல்லை. ஒருவர் கை நீட்டினால் மற்றவர் அதில் வைக்க வேண்டியதை வைப்பார். பேச்சே தேவைப்படாது. அப்பா பேசாதவர். மாமா அந்தக் குறையையும் சேர்த்துப் பேசுவார்.

வெல்டிங் குச்சியை இரும்பில் தொடுவதற்கு முன்னால் அப்பா “கண்ணு!” என்று ஒரு சத்தம் போடுவார். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. அந்தச் சத்தம் கேட்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் அம்மாவும் திருப்பிக்கொள்வார். அங்கிருந்து ஒன்றும் தெரியாது என்றாலும் திருப்பிக்கொள்வார். கதவிடுக்கு வழியாக நீல வெளிச்சம் சுவரில் துடிக்கும். எரிந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசம் வரும். இப்போதும் எங்காவது தெருவோரத்தில் அந்த வாசம் வந்தால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. பிறகுதான் மாமா நினைவு வரும்.

மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கலாம். வேலை முடிந்து கை கழுவியதும் கண்ணை மூடிக்கொண்டு, குருடரைப் போலத் தடவித் தடவி வீட்டுக்குள் வருவார். என் தலையில் கை பட்டதும் நிற்பார்.

“இது என்னா? பூசணிக்காயா? இல்லாட்டி மருமகளா?”

“மருமக!” என்று நான் கத்துவேன்.

“பூசணிக்கா பேசுதுக்கா!” என்று அம்மாவைக் கூப்பிடுவார்.

தினமும் இதே விளையாட்டு. தினமும் நான் சிரித்தேன். உடைந்த பெயாரிங்குகளிலிருந்து இரும்பு உருண்டைகளை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி எனக்குத் தருவார். ஒரு பால்மா டின் நிறைய வைத்திருந்தேன். கையில் அள்ளினால் ஈரமில்லாமலே குளிரும். வீடு மாறியபோது எங்கே போனதென்று தெரியவில்லை.

தைப்பொங்கல் முடிந்து அறுவடை நடந்துகொண்டிருந்த காலம் அது. தெல்தெனியப் பக்கமிருந்து ஒரு சிங்கள முதலாளி, டிராக்டர் பெட்டியில் சூடடிக்கும் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தார். கதிரைப் போட்டால் உள்ளே ஒரு பெரிய இரும்பு உருளை சுழன்று நெல்லைத் தனியாக, வைக்கோலைத் தனியாகத் தள்ளுமே, அந்த மெஷின். உருளையின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் ஒரு பக்கத்துப் பெயாரிங் இறுகி, உடைந்து, அசைய மறுத்திருந்தது.

“பாஸ், மெஷின் முதல்ல அழுதது. பொறகு நின்னது. நெல்லு எல்லாம் வயல்ல. மழை வந்தா நான் முடிஞ்சேன்” என்றார் முதலாளி.

அப்பா கழற்றிப் பார்த்தார். உருண்டைகள் எல்லாம் கொட்டிவிட்டன. ஆனால் பெயாரிங்கின் வெளி வளையம், அது உட்காரும் இரும்புக் கிண்ணத்துக்குள்ளேயே ஒட்டிக்கிடந்தது. கிண்ணத்தின் அடிப்பக்கம் மூடியிருந்தது. பின்னாலிருந்து தட்ட முடியாது. முன்னாலிருந்து நெம்பப் பிடிமானம் இல்லை. உளி வைத்து அடித்தால் கிண்ணமே பிளந்துவிடும்.

“உள்பக்கமா ஒரு சுத்து வெல்டிங் போடுவோம்” என்றார் அப்பா. “ஆறட்டும். தானா வந்துரும்.”

முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. “ஐயோ பாஸ், வெல்டிங் போட்டா ஒட்டத்தானே செய்யும்? எப்படிக் கழலும்?”

“கல்யாணம் மாதிரிதான் முதலாளி” என்றார் மாமா. “சூடு இருக்கிற வரைக்கும் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆறுனா கழண்டுக்கும்.”

“கல்யாணமே ஆகாதவன் பேசுற பேச்சப் பாரு” என்றார் அப்பா. அப்பா சிரித்து நான் பார்த்த நாட்களில் அதுவும் ஒன்று.

விஷயம் இதுதான். வளையத்தின் உள்சுவரில் வெல்டிங் கோடு ஒன்றை வட்டமாக இழுத்துவிட்டால், ஆறும்போது அந்தக் கோடு சுருங்கும். சுருங்கும்போது வளையத்தையும் உள்ளுக்கு இழுக்கும். வளையம் ஒரு மயிரிழை சின்னதாகும். அது போதும். ஆனால் கோடு வளையத்தைத் தாண்டிக் கிண்ணத்தில் பட்டுவிட்டால் எல்லாம் பாழ். இரண்டும் ஒன்றாக ஒட்டிவிடும். அதனால் மாமா குறடால் கிண்ணத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் கை ஒரே இடத்தில் நிற்கும்.

முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி எங்களிடம் இரண்டு இருந்தது. ஒன்று விரிசல் விட்டிருந்தது. நல்லது அப்பாவின் கையில்.

“கண்ண மூடிக்க மாப்ள.”

“மூடிக்கிட்டா எவ்வளவு திருப்புறதுன்னு எப்படித் தெரியும் மச்சான்? நீங்க போடுங்க.”

“கண்ணு!” என்று அப்பா சத்தம் போட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். நீல வெளிச்சம் சுவரில் துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. மாமா திரும்பவில்லை. திரும்ப முடியாது. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபடியே சுழற்றினார் என்று நினைக்கிறேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது.

பிறகு எல்லோரும் காத்திருந்தோம். இரும்பு ஆறும்போது சின்னச் சின்னதாக ‘டிக், டிக்’ என்று சத்தம் போடும். அப்பா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். வளையம் ‘ணங்’ என்று விழுந்து உருண்டது. முதலாளி சந்தோஷத்தில் குனிந்து எடுத்தார். “அம்மே!” என்று கத்திப் போட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

உருளையின் தண்டில் ஒட்டிக்கிடந்த உள்வளையத்துக்கு இதற்கு நேர்மாறான வேலை. அதன் மேல்பக்கம் சுற்றி வெல்டிங் போட்டு, சூட்டில் வளையம் விரிந்து செக்கச் செவேலென்று இருக்கும்போதே, ஆறுவதற்குள், தட்டிக் கழற்றிவிட வேண்டும். அதற்கும் மாமாதான் தண்டைப் பிடித்துச் சுழற்றினார்.

புதுப் பெயாரிங்கைக் கட்டுகஸ்தோட்டையில் வாங்கி வந்திருந்தார்கள். அதை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, சந்திக் கடை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார் அப்பா. குளிரில் சுருங்கினால் கிண்ணத்துக்குள் அடிக்காமலே இறங்கும். சிவப்பு ஐஸ் பக்கட்டுகளுக்கு நடுவில் அதைப் படுக்க வைத்தது நினைவிருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், மாமாவின் கண் வலிக்கத் தொடங்கியது. வெல்டிங் வெளிச்சம் கண்ணை அடித்தால் உடனே தெரியாது. மணிக்கணக்கான பிறகுதான் தெரியும். இமைக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்குமாம். இரண்டு கண்ணும் வீங்கி, தண்ணீர் வழிந்தது. அவர் அறையில் பாயில் கிடந்தார். விளக்கை அணைக்கச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான். தாய்ப்பால். பட்டறைக்காரர்கள் யாருக்காவது கண்ணில் அடித்தால், அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்றவள் யாரென்று தேடுவார்கள். எங்கள் வீட்டில் தேட வேண்டியதில்லை. தங்கச்சி பிறந்து மூன்று மாதம்.

ஆனால் அம்மாவுக்குப் பால் போதவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் தங்கச்சியின் எடை ஏறவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். அம்மா பூண்டைச் சுட்டுச் சாப்பிட்டார். முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் “பால் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று இன்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

“வேணாம்க்கா” என்றார் மாமா. “பாப்பாவுக்கே பத்தல.”

“நீயும் நான் தூக்கி வளத்த பாப்பாதான்டா. கண்ணத் தொற.”

பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பீய்ச்சினார். வெகுநேரம் பிடித்தது. பாலாடையின் அடி மறையும் அளவுக்குத்தான் வந்தது. அதை மாமாவின் கண்களில் சொட்டுச் சொட்டாக விட்டார். மாமாவின் கால் விரல்கள் மடங்கியதை நான் பார்த்தேன். பிறகு தங்கச்சி பசித்து எழுந்தாள். அம்மா அவளை மார்பில் போட்டுக்கொண்டார். அவள் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டு அழுதாள். அந்த அழுகை இரண்டு அறைக்கும் கேட்டது.

மாமா எழுந்து உட்கார்ந்தார்.

“சரியாப்போச்சுக்கா.”

“அதுக்குள்ளயாடா? இன்னொரு தடவ விட்டா…”

“வேணாம், வேணாம். ஒன் பாலுன்னா சும்மாவா? மணலே இல்ல. எல்லாம் தெரியுது.”

அம்மாவின் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. “பாருங்க, என் பால்ல ஒன்னும் கொற இல்ல” என்று அப்பாவிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் பட்டறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மாமா கை நீட்டினார். கை கிளாஸுக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் நின்றது. மறுபடி நகர்ந்து தேடியது.

“மருமகளே, கிளாஸ எங்க ஒளிச்சு வச்ச?” என்றார்.

நான் சிரித்தேன். கிளாஸை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவரும் சிரித்தார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர்தான் தினமும் அப்படி விளையாடுகிறவராயிற்றே. அவர் கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று எத்தனை முறை நினைவுபடுத்திப் பார்த்தாலும் வரவில்லை. தொப்பியை முன்னுக்கு இழுத்துவிட்டிருந்தார். தேத்தண்ணியின் ஆவி மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

பெயாரிங் ஐஸ் போலக் குளிர்ந்து கிண்ணத்துக்குள் தானாக இறங்கியது. கழற்றியதையெல்லாம் பொருத்தி மெஷினைப் பூட்டி முடித்தார்கள். அப்போதுதான் உருளையின் பல் ஒன்று விரிசல் விட்டிருப்பதை அப்பா கண்டார். சின்ன வேலை. ஒரு பொட்டு வைத்தால் போதும்.

வெல்டிங்குக்கு இரண்டு வயர் உண்டு. ஒன்று குச்சிக்குப் போகும். மற்றதுதான் எர்த் வயர். அதன் கிளிப்பை வேலை நடக்கும் இரும்பிலேயே மாட்ட வேண்டும். உருளைக்கு வெல்டிங் என்றால் உருளையில். அதை விட்டு மெஷினின் காலில் மாட்டினால், மின்சாரம் உருளையிலிருந்து காலுக்குப் போகப் பெயாரிங் வழியாகத்தான் பாயும். பாய்ந்தால் உள்ளே உருண்டைகள் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எர்த் மாட்டுவது எப்போதும் மாமாவின் வேலை. தூக்கத்தில் எழுப்பினாலும் சரியாக மாட்டுவார்.

அன்றைக்கு மெஷினின் காலில் மாட்டினார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அதுவரை வந்ததேயில்லை.

“கண்ணு!”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மெஷின் வெண்ணெய் போல ஓடியது. முதலாளி அடுத்த வாரம் எங்களுக்கு ஒரு பெரிய பூசணிக்காயும் புது அரிசியும் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்த வாரம் அதே மெஷினை மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார். மழை பிடித்திருந்தது. அவர் சேற்றுக் காலோடு வாசலில் நின்றார். கோபித்துக்கூடப் பேசவில்லை.

“நனைஞ்சு போச்சு பாஸ். பாதி நெல்லு மொளச்சிரும்.”

அப்பா பெயாரிங்கை எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனார். பெயாரிங் விற்ற முஸ்லிம் கடைக்கார நாநா அதைப் பிளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பெயாரிங்ட பிழை இல்ல பாஸ். இதுக்குள்ளால கரண்ட் பாஞ்சிருக்கு” என்றாராம். அப்பா திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் பட்டறைக்குத்தான் போனார். அம்மா தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

“எர்த்த எங்க மாட்டுன?”

மாமா கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

“கேக்குறேன்ல? உருளையிலயா, கால்லயா?”

“கால்ல மாட்டியிருப்பேன் போல மச்சான்.”

“போலவா? ஒனக்குக் கண்ணு தெரியலையா?”

மாமா அம்மாவைப் பார்த்தார். இது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பார்த்தார். தெரியல மச்சான், அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அங்கேயே அடங்கியிருப்பார். கண்ணாடி இல்லாமல் அவரைச் சுழற்ற வைத்தது அப்பாதானே.

“கவனிக்கல மச்சான்” என்றார்.

“கவனமில்லாதவனுக்கு என் பட்டறையில வேலையில்ல.”

அப்பா கோபத்தில் சொன்னது. இரண்டு நாளில் ஆறியிருக்கும். ஆனால் மாமா மறுநாள் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். இப்போதும் அங்கேதான் ஒரு டயர் கடையில் வேலை. நான் பெரியவளானபோது தாய்மாமன் சேலையை ஆள் மூலம் அனுப்பினார். என் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தார். கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

அவர் போன பிறகு அப்பா புதிதாக இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் வாங்கி ஆணியில் மாட்டினார். ஒன்றைத்தான் எடுப்பார். மற்றதில் தூசு படியும்போது துடைத்து மறுபடி மாட்டுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போதும் நான் அதிகமாக யோசிக்கிறேனோ என்னவோ.

போன மாதம் என் மகளுக்குக் கண்ணில் பீளை கட்டியது. அம்மா உடனே, “ரெண்டு சொட்டுப் பால் விடு. ஒங்க மாமாவுக்கு வெல்டிங் அடிச்ச கண்ணே என் பால்ல ஒரே ராத்திரியில தெளிஞ்சுச்சு” என்றார். இந்தக் கதையை அம்மா எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவார். நான் எதற்கும் பயப்படுகிறவள். பாலை விடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண் கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே இருந்த நர்ஸ் மிஸ், கண்ணில் பால் விடக் கூடாது, கிருமி சேரும் என்றார். வெல்டிங் அடித்த கண்ணுக்கு என்று நான் இழுத்தேன். “அது ஒன்று இரண்டு நாளில் தானாகவே ஆறும் அம்மா. பால் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு இரவில் ஆறாது” என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் கிளாஸைத் தேடிய அந்தக் கை என் கண்முன் நின்றது.

வீட்டுக்கு வந்து மாமாவுக்கு போன் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “மாமா, எர்த் மாட்டின அன்னைக்கு உங்களுக்குக் கண் தெரிஞ்சுச்சா?”

டயர் கடைச் சத்தம் கேட்டது. மாமா சிரித்தார்.

“ஒங்கம்மா பாலு விட்டு, தெரியாம போகுமா மருமகளே?”

காது குத்து எப்போது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைக்கப் போகும்போது, “பாப்பாவுக்குப் பால் போதுதா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இவர் கேட்டபோது குத்தவில்லை. “போதும் மாமா” என்றேன். அது முழு உண்மை இல்லை. “அப்ப சரி” என்றார்.

கோயிலில் பங்குனியில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்று அப்பாவிடம் சொன்னால் அவர் அடுத்த பஸ்ஸிலேயே நாவலப்பிட்டிக்குப் போவார் என்று நம்புகிறேன். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. எங்கள் வீடு அப்படி. தன் பால் பலிக்கவில்லை என்பதையும், தன் முகம் வாடக் கூடாதென்று தம்பி சொன்ன ஒரு பொய்யால்தான் அவர் வெளியேறினார் என்பதையும் அம்மா இந்த வயதில் கேட்க வேண்டுமா? கேட்காமல் இருந்தால், இத்தனை வருடமாகத் தம்பிக்காக ஏங்கும் அம்மாவுக்குத் தம்பி திரும்பக் கிடைப்பாரா? மாமாவே மூடி வைத்ததைத் திறக்க நான் யார்? அதைவிட, நான் நினைப்பதே தவறாக இருந்து, அன்றைக்கு அவர் உண்மையில் கவனிக்காமலே மாட்டியிருந்தால்?

தங்கச்சியிடம் கேட்டேன். “சொல்லிடு அக்கா” என்றாள். பால் குடித்தவளுக்குப் பால் கொடுத்தவளின் மனம் தெரியாது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று குசினிக்குள் நின்று அழுதவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காக உங்கள் தம்பி அப்படியொரு பொய் சொல்லியிருந்தால், அது பொய் என்று தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? விரும்புவீர்கள் என்றால், அதை யார் வாயால் கேட்க விரும்புவீர்கள், தம்பி வாயாலா, மகள் வாயாலா? பங்குனிக்கு முன்னால் எழுதுங்கள்.